ஃபொன்செரான் லாக் படிக்கட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெற்கு பிரான்சில், பெசியே நகரத்தின் ஓரத்தில், ஒரு குன்றின் சரிவில் படகுகள் ஏறி இறங்கும் இடம் ஃபொன்செரான். துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் பக்கம் போகும் 240 கிலோமீட்டர் நீளமுள்ள கனால் து மிதி என்ற பழைய கால்வாயில் இதுதான் அதிகக் கூட்டம் கூடும் இடம். கோடை விடுமுறையில் பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்துபோகும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

லாக் என்றால் என்ன? படகைத் தூக்குவது எது? மோட்டாரா?

மோட்டார் இல்லை, பம்ப்பும் இல்லை. கால்வாயின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கல்லால் கட்டிய ஒரு தொட்டி, அதன் இரு முனையிலும் கதவு. அவ்வளவுதான் லாக்.

மேலே ஏற வேண்டிய படகு கீழ்க்கதவு வழியாகத் தொட்டிக்குள் வரும். அந்தக் கதவை மூடிவிட்டு, மேல்கதவில் இருக்கும் ஷட்டரைத் திறப்பார்கள். மேலிருந்து தண்ணீர் பாய்ந்து தொட்டி நிரம்பும், படகும் கூடவே உயரும். உள்ளேயும் வெளியேயும் மட்டம் சமமானதும் மேல்கதவு திறக்கும், படகு போய்விடும். இறங்குவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

கதவுகள் நேர்க்கோட்டில் மூடாமல், தண்ணீர் உயரமாக நிற்கும் பக்கம் பார்த்துக் கூராக மூடியிருப்பதைக் கவனியுங்கள். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக இரண்டு கதவும் ஒன்றோடொன்று சேரும். மட்டம் சமமாகாதவரை பத்துப் பேர் சேர்ந்து இழுத்தாலும் திறக்காது. இன்றைக்குக் கதவையும் ஷட்டரையும் இயக்குவது மின்சாரம். ஆனால் படகைத் தூக்கும் வேலை 17ஆம் நூற்றாண்டில் இருந்தது போலவே இன்றும் தண்ணீருடையதுதான்.

சாதாரண லாக்குக்கும் இந்தப் படிக்கட்டு லாக்குக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணமாக ஒரு லாக்கைத் தாண்டினால் கொஞ்ச தூரம் கால்வாய் வரும், பிறகு அடுத்த லாக். இங்கே இடைவெளியே கிடையாது. மேல் தொட்டியின் கீழ்க்கதவுதான் அடுத்த தொட்டியின் மேல்கதவு. அதனால் நடுவழியில் ஒதுங்க இடமில்லை. ஒரு படகு ஏறிக்கொண்டிருக்கும்போது எதிரே இன்னொன்று இறங்க முடியாது.

எத்தனை லாக்? ஒருவர் எட்டு என்கிறார், ஒருவர் ஒன்பது, இன்னொருவர் ஆறு என்கிறார்.

மூன்றும் சரி. கட்டியபோது எட்டுத் தொட்டிகள். தொட்டி எட்டு என்றால் கதவு ஒன்பது வேண்டும், அதனால் உள்ளூர்க்காரர்கள் ஒன்பது லாக் என்றே சொல்வார்கள். சுமார் 300 மீட்டர் தூரத்தில் மொத்தம் 21.5 மீட்டர் இறக்கம். 1858இல் பாதை மாறிய பிறகு (அதைக் கீழே சொல்கிறேன்) படகுகள் ஆறு படி மட்டும் இறங்கிப் பக்கவாட்டில் திரும்பிவிடுகின்றன. அடியில் இருப்பவை வழக்கமான போக்குவரத்துக்கு வேண்டாமல் போய்விட்டன.

இவ்வளவு பெரிய இறக்கம் ஏன் சரியாக இந்த இடத்தில் வந்தது?

விடை ஃபொன்செரானில் இல்லை, அதற்கு மேற்கே இருக்கிறது. இந்தப் படிக்கட்டின் உச்சியில் நின்று கால்வாயைத் திரும்பிப் பார்த்தால், அடுத்த லாக் வர 54 கிலோமீட்டர் போக வேண்டும். இந்தக் கால்வாயிலேயே லாக் இல்லாத மிக நீண்ட பகுதி அது. மலைச்சரிவுகளை ஒட்டி வளைந்து வளைந்து, மட்டம் மாறாமலே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். வழியில் குன்று ஒன்று குறுக்கே வந்தபோது இறங்குவதற்குப் பதிலாகக் குடைந்துவிட்டார்கள். மால்பா என்ற அந்தச் சுரங்கம் 160 மீட்டருக்குச் சற்று அதிக நீளம். படகுக் கால்வாய்க்காக ஐரோப்பாவில் குடைந்த முதல் சுரங்கம் என்று அதைச் சொல்வார்கள். உதிரும் மணற்கல் என்பதால் அதிகாரிகள் வேண்டாம் என்று நின்றபோது, அவர்கள் வந்து தடுப்பதற்குள் எட்டு நாளில் துளை போட்டு முடித்ததாக ஒரு கதை அந்தப் பக்கம் உலவுகிறது.

இப்படி உயரத்தை விட்டுக்கொடுக்காமல் வந்த கால்வாய்க்கு எதிரே ஓர்ப் ஆற்றின் பள்ளத்தாக்கு. அக்கரையில் பெசியே. அங்கே வேறு வழியில்லை, சேர்த்து வைத்த உயரம் முழுவதையும் ஒரே இடத்தில் இறக்க வேண்டும். பெசியேயைத் தொடாமல் போகும் பாதையும் பேச்சில் இருந்தது. ஆனால் கால்வாயைக் கட்டியவர் பெசியேக்காரர். சொந்த ஊரைத் தள்ளிவைத்துவிட்டுப் போவாரா?

யார் கட்டியது? அரசரா?

ஆணை 14ஆம் லூயியுடையது, 1666 அக்டோபரில் வந்தது. எண்ணமும் உழைப்பும் பெரும் பணமும் பியேர்-போல் ரிக்கே என்பவருடையது. அவர் எஞ்சினியர் அல்ல, லாங்டாக் பகுதியில் உப்பு வரி வசூலிக்கும் குத்தகைக்காரர். அந்தக் காலத்தில் உப்பு வரி என்றால் மக்களுக்கு வயிற்றெரிச்சல், வசூலிப்பவருக்கு நல்ல வருமானம். 1662இல் நிதி விவகாரங்களைப் பார்த்துவந்த கோல்பேருக்கு ரிக்கே கடிதம் எழுதினார். அட்லாண்டிக் பக்கமிருந்து மத்தியதரைக் கடலுக்கு உள்நாட்டு வழியாகவே படகு விடலாம் என்றார். ஸ்பெயினைச் சுற்றி ஜிப்ரால்டர் வழியாகப் போகும் சுமார் 3,000 கிலோமீட்டர் சுற்று மிச்சம், கடற்கொள்ளையர் பயமும் இல்லை. அரசருக்குப் பிடித்துப்போனது.

வேலையில் ஒரு கட்டத்தில் 12,000 பேர் வரை இருந்தார்கள். மழை நாள், ஞாயிறு, பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள் எல்லாவற்றுக்கும் ரிக்கே கூலி கொடுத்தார். அந்த நூற்றாண்டில் கேள்விப்படாத ஏற்பாடு. தர்மசிந்தனை என்று சிலர் எழுதுகிறார்கள். அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்கு ஓடிவிடாமல் பிடித்து வைக்க வேறு வழி இல்லை என்பதுதான் என் கணிப்பு.

ஃபொன்செரான் படிக்கட்டை ஒப்பந்தத்தில் எடுத்தவர்கள் மெதாய் என்ற குடும்பத்துச் சகோதரர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்லப்படுகிறது. அவர்களிடம் வேலை செய்தவர்களில் பெரும்பான்மை பெண்கள். மண் வெட்டி, கூடையில் சுமந்து, சரிவை எட்டுப் படியாகச் செதுக்கியவர்கள் அவர்கள். ரிக்கேவுக்கு பெசியே நகரத்தின் நடுவில் சிலை இருக்கிறது, அவர் பெயரில் சாலையும் இருக்கிறது. அந்தப் பெண்களில் ஒருவர் பெயர்கூட எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

ரிக்கே 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் திறந்தது 1681 மே மாதம். கடனை அடைத்துப் பிள்ளைகள் குடும்பம் லாபம் பார்க்க 1724 ஆயிற்று.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஆற்றைத் திருப்பிவிட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்தான் விஷயத்தைப் பிடித்தவர்கள். லாக்கைப் பார்த்து எல்லோரும் வாய் பிளக்கிறோம். ஆனால் லாக் தண்ணீரைச் செலவு செய்கிற இடம். சம்பாதிக்கிற இடம் வேறு.

ஒவ்வொரு முறை லாக் இயங்கும்போதும் ஒரு தொட்டித் தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது, திரும்பி வராது. ஒரு தொட்டியின் நீளம் 30 மீட்டர், நடுவில் அகலம் 11 மீட்டர், கதவருகே அதில் பாதி. ஒரு படியின் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். தோராயமாகப் பெருக்கினால் ஆறு ஆறரை லட்சம் லிட்டர் வரும். சென்னையில் தெருவுக்குள் வரும் பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி அறுபதைக் கொட்டியது மாதிரி, ஒரே தடவைக்கு.

இந்தக் கால்வாய் துலூஸிலிருந்து ஏறி, நொரூஸ் என்ற மேட்டைத் தொட்டு, மறுபக்கம் கடல் நோக்கி இறங்குகிறது. கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரமுள்ள அந்த மேட்டில் தண்ணீர் இருந்தால்தான் இரண்டு பக்கமும் ஓடும். அந்த மேட்டில் ஆறு ஏது? ரிக்கேவுக்கு முன்னால் இந்த யோசனை வந்தவர்கள் எல்லோரும் தடுக்கி விழுந்தது இங்கேதான். அவர் வடக்கே இருக்கும் கறுப்பு மலையின் ஓடைகளை வாய்க்கால் வெட்டி ஒன்று சேர்த்து, சான் ஃபெரியோல் என்ற இடத்தில் அணை கட்டித் தேக்கி, அங்கிருந்து நொரூஸுக்குக் கொண்டுவந்தார். அணை வேலை 1667இல் தொடங்கியது. ஏரியின் கொள்ளளவு 60 லட்சம் கன மீட்டருக்கு மேல். அதற்கும் முன்னால், 1665இலேயே, சும்மா ஒரு சோதனை வாய்க்கால் வெட்டி, மலைத் தண்ணீர் மேட்டுக்கு வந்து சேரும் என்று கண்ணால் காட்டிவிட்டார். அரசர் கையெழுத்துப் போட்டது அதைப் பார்த்த பிறகுதான்.

ஃபொன்செரான் வரை அந்த மலைத் தண்ணீர் மட்டும் போதாது. 54 கிலோமீட்டர் நீளப் பகுதிக்கு செஸ் போன்ற ஆறுகளிலிருந்தும் தண்ணீர் சேர்கிறது. 1686இல் கால்வாயைச் சோதிக்க வந்த கோட்டைக் கட்டுமான நிபுணர் வோபான், கால்வாயில் நேரே கலந்து வண்டலைக் கொட்டிக்கொண்டிருந்த ஓடைகளை அடியில் விட்டு, மேலே கால்வாய் போக நீர்ப்பாலங்கள் கட்டச் செய்தார். கால்வாய் இத்தனை நூற்றாண்டு தூர்ந்துபோகாமல் இருப்பதற்கு ரிக்கேவுக்கு அடுத்து அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

படகோடு போனோம். காலையில் எல்லாம் ஒரே திசை, எங்கள் திசைக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள். ஏன் மாற்றி மாற்றி விடக் கூடாது?

சோம்பல் என்று திட்டுகிறவர்கள் உண்டு. காரணம் தண்ணீர்க் கணக்கு.

ஒரு படகு மேலிருந்து இறங்கும்போது தன்னோடு ஒரே ஒரு தொட்டித் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு படிப்படியாகக் கீழே போகிறது. முதல் தொட்டி இரண்டாவதில் காலியாகும், இரண்டாவது மூன்றாவதில், இப்படியே. அது போய்ச் சேரும்போது எல்லாத் தொட்டியும் தாழ்ந்து கிடக்கும். அடுத்து இறங்கும் படகுக்கு அது வசதி. மறுபடி ஒரு தொட்டித் தண்ணீர் போதும்.

இப்போது கீழேயிருந்து ஒருவர் ஏற வேண்டும் என்று வையுங்கள். அவர் நிற்கும் தொட்டியை நிரப்ப அதற்கு மேல் தொட்டி நிறைந்திருக்க வேண்டும். அதை நிரப்ப அதற்கு மேலது. ஆகப் படிக்கட்டு முழுவதையும் மேலிருந்து நிரப்பினால்தான் அவர் உச்சி சேர முடியும். அவர் ஏறி முடித்ததும் எல்லாத் தொட்டியும் நிறைந்து நிற்கும். அடுத்து ஏறுபவருக்கு லாபம். இறங்குபவருக்கோ அத்தனையையும் மறுபடி கீழே கொட்டியாக வேண்டும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் ஐந்தாறு தொட்டித் தண்ணீர் போகிறது. அதனால்தான் இறங்குபவர்களை ஒரு கட்டாக, ஏறுபவர்களை ஒரு கட்டாக, நேரம் வைத்து விடுகிறார்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள். பத்து நிமிடம் தாமதித்தால் அரை நாள் போய்விடும்.

தொட்டிகள் ஏன் முட்டை வடிவத்தில் இருக்கின்றன?

ஆரம்பத்தில் நேர்ச்சுவர் வைத்துக் கட்டியது சரிந்துவிட்டது. தொட்டி காலியாக இருக்கும்போது வெளியே இருக்கும் ஈரமண் சுவரை உள்ளே தள்ளும். சுவரை வெளிப்பக்கம் வளைத்துக் கட்டினால் படுக்க வைத்த வளைவு போலாகிவிடும், மண் தள்ளத் தள்ளக் கற்கள் இறுகும். கால்வாயில் பெரும்பாலும் இதே வடிவம்தான். கூடுதலாக, நடுவில் அகலம் இருப்பதால் இரண்டு மூன்று படகு பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். குறை என்னவென்றால் அதிகத் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர்க் கணக்குப் பார்ப்பவருக்கு இது உறுத்தும், ஆனால் இடிந்து விழும் சுவரோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

கீழே இறங்கிய கால்வாய் ஓர்ப் ஆற்றை எப்படிக் கடக்கிறது?

முதல் 170 ஆண்டுக்கு மேல் படகுகள் ஆற்றுக்குள்ளேயே இறங்கி, ஆற்றோடு கொஞ்ச தூரம் போய், மறுகரையில் கால்வாய்க்குள் நுழைந்தன. வெள்ளம் வந்தால் ஆபத்து, வறண்டால் தரை தட்டும். இரண்டுமே மத்தியதரை நாட்டு ஆற்றுக்கு வாடிக்கை. 1858இல் ஏழு வளைவுகள் மேல் 240 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்ப்பாலம் திறந்தார்கள். அன்றிலிருந்து படகு ஆற்றுக்கு மேலே போகிறது. பாலம் உயரத்தில் இருப்பதால் படிக்கட்டு முழுவதும் இறங்க வேண்டியதில்லை, எட்டுப் படி ஆறு படியான கதை அதுதான்.

படிக்கட்டைப் பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் இந்தப் பாலத்தைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள். போகாதீர்கள். பாலத்தின் மேல் கால்வாயில் வாத்து நீந்தும், அடியில் ஆறு வேறு திசையில் ஓடும், தலைநிமிர்ந்தால் குன்றின் மேல் சான்-நசேர் பேராலயம். ஃபோட்டோ எடுக்கத் தோதான இடம் அதுதான்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்வான கான்கிரீட் வாய்க்காலும் பெரிய இரும்பு எந்திரமும் துருப்பிடித்துக் கிடக்கின்றனவே?

லாக்குக்குப் போட்டியாக 1980களில் கட்டியது. சாய்ந்த தொட்டியில் ஒரு தடுப்புப் பலகை. படகையும் அது மிதக்கும் தண்ணீரையும் சேர்த்து எந்திரம் சரிவில் தள்ளிக்கொண்டு போகும். ழான் ஓபேர் என்ற எஞ்சினியரின் யோசனை. மோந்தெக் என்ற ஊரில் 1974இல் முதலாவதைக் கட்டினார்கள். பழைய லாக்குக்குள் நுழையாத 38 மீட்டர் நீளச் சரக்குப் படகுகளுக்காக இங்கே இரண்டாவது. மோந்தெக்கை விடச் சரிவு செங்குத்து, சக்கரம் வழுக்கியது, எண்ணெய் கசிந்தது, கோளாறுக்கு மேல் கோளாறு. 2001க்குப் பிறகு ஓடவில்லை. அது தயாரான நேரத்தில் ஏற்றுவதற்குச் சரக்கும் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. எழுத்தறியாத சகோதரர்கள் கட்டியது இன்றும் ஓடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

இப்போது சரக்குப் போக்குவரத்து உண்டா?

கிடையாது, சுற்றுலாப் படகுகள்தான். கோதுமையும் ஒயினும் ஏற்றிப் போன காலத்தை 19ஆம் நூற்றாண்டு நடுவில் வந்த ரயில் முடித்துவைத்தது. அதிலும் வேடிக்கை, 1858இல் கால்வாயையே ரயில் கம்பெனிக்கு 40 ஆண்டு குத்தகைக்கு விட்டார்கள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். பிறகு அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

படங்களில் பார்த்த நிழல் மரங்கள் எங்கே?

பிளேன் மரங்கள், மொத்தம் 42,000 என்பார்கள். 2006இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. வேர்வழியாகவும் தண்ணீர்வழியாகவும் பரவும், மருந்து இல்லை. ஆயிரக்கணக்கில் வெட்டிவிட்டார்கள், வேறு மரங்களைக் கலந்து நட்டுவருகிறார்கள். வெயிலுக்குத் தொப்பி எடுத்துப் போங்கள்.

எப்படிப் போவது? நுழைவுக் கட்டணம் உண்டா?

பாரிஸிலிருந்து ரயிலில் நாலு நாலரை மணி. பெசியே நிலையத்தில் இறங்கிக் கால்வாய்க் கரையோரமாகவே நடக்கலாம், அரை மணிதான், வழியிலேயே நீர்ப்பாலம் வந்துவிடும். சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தக் கொடுக்க வேண்டும். குளிர்காலத்தில் பராமரிப்புக்காகத் தண்ணீரை இறக்கிவிடுவார்கள், படகு இருக்காது. மே முதல் செப்டம்பர் வரை நல்லது. தொட்டியின் ஓரத்தில் பல இடங்களில் தடுப்பு இல்லை, கல் வழவழப்பாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

படகு வாடகைக்கு எடுத்து நாங்களே ஓட்டலாமா? லைசென்ஸ் வேண்டாமா?

வாடகைப் படகுக்கு லைசென்ஸ் கேட்பதில்லை. கம்பெனிக்காரர்கள் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைத் தருவார்கள். இறங்குவது சுலபம். கயிற்றை முளையில் ஒரு சுற்றுப் போட்டு, மட்டம் தாழத் தாழ விட்டுக்கொடுத்தால் போதும். முடிச்சு மட்டும் போடாதீர்கள், தண்ணீர் கீழே போகும், படகு கயிற்றில் தொங்கும்.

ஏறுவதுதான் சோதனை. ஷட்டர் திறந்ததும் கதவடியிலிருந்து வெள்ளை நுரையாகத் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், படகின் மூக்கு ஒரு பக்கம் இழுபடும். ஒருவர் முன்கூட்டியே இறங்கிக் கரைமேல் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகு உயர உயரத் தளர்வை இழுத்துச் சுற்ற வேண்டும். அடுத்த தொட்டிக்கு அவரே கயிற்றோடு படியேறி நடக்க வேண்டும். இப்படி ஆறு தடவை. கரையில் நிற்கும் கூட்டம் கை தட்டும், சிரிக்கும், வீடியோ எடுக்கும், உதவ மட்டும் வராது. உங்களோடு வருபவர்களில் யார் திட்டினாலும் கோபித்துக்கொள்ளாதவரோ அவரிடம் கயிற்றைக் கொடுங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் வேறு எந்த லாக்கைப் பார்க்கலாம்?

கடல் பக்கம் போனால் ஆக்த் ஊரின் வட்ட லாக். ஒரே தொட்டிக்கு மூன்று கதவு, மூன்று வழி, மூன்று மட்டம். உள்ளே வந்த படகு வட்டத்துக்குள்ளேயே திரும்பி, பெசியே பக்கமோ, எரோ ஆற்றின் மேல்பக்கமோ, ஊர்த் துறைமுகப் பக்கமோ போகலாம். கூட்டமும் குறைவு. மேற்கே போக நேரம் இருந்தால் சான் ஃபெரியோல் ஏரி. அங்கே லாக் எதுவும் இல்லை, ஃபொன்செரானில் செலவான தண்ணீரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது என்பதால் சொல்கிறேன். கோடையில் அதில் குளிக்கவும் செய்யலாம்.